ஊர் ஊராக நடந்த பொலிகுதிரை

19ஆம் நூற்றாண்டில் ஆகஸ்ட் பிறந்துவிட்டால் ‘மெய்ட்லண்ட் மெர்க்குரி’ பத்திரிகையில் குதிரைகளின் பெயர்கள் வரிசைகட்டத் தொடங்கும். 1843இல் ஆஸ்திரேலியாவின் ஹன்டர் பள்ளத்தாக்கில் ஆரம்பித்த பத்திரிகை அது. விளம்பரங்களின் வாசகம் ஏறக்குறைய ஒரே அச்சு. பெட்டைகளோடு இணை சேர இன்ன பொலிகுதிரை இந்தப் பருவத்துக்கு இன்னார் பண்ணையில் நிற்கும். தகப்பன் இது, தாய் இது, தாய்வழிப் பாட்டன் இது. உயரம் 15 கை 3 அங்குலம் (4 அங்குலம் ஒரு கை). கட்டணம் இத்தனை கினி, குதிரைக்காரனுக்குத் தனியாக 5 ஷில்லிங். பெட்டையை ஓட்டிப்போகும் முன் பணத்தைக் கட்டிவிட வேண்டும். நல்ல மேய்ச்சல் உண்டு. கடைசி வரி: கவனமாகப் பார்த்துக்கொள்வோம், ஆனால் எதற்கும் பொறுப்பில்லை. நம் ஊர் சைக்கிள் ஸ்டாண்டு சீட்டில் இருக்கிற அதே வரிதான்.

இப்படி விளம்பரப்படுத்தப்பட்டவற்றில் பல, தரோபிரெட் எனப்படும் பந்தய சாதிப் பொலிகுதிரைகள். ஆனால் பெட்டையைக் கூட்டிவந்தவர்களில் பெரும்பாலோர் பந்தயத்தோடு சம்பந்தமில்லாதவர்கள். ஆற்றோரம் மக்காச்சோளமும் குதிரைமசாலும் போட்டவர்கள், மேட்டில் மாடு மேய்த்தவர்கள். அவர்களுக்கு எதற்குப் பந்தயக் குதிரையின் ரத்தம்?

முதலில் அந்தச் சாதியைப் பற்றி. 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும் கிழக்கு நாடுகளிலிருந்து இங்கிலாந்து போன ஆண் குதிரைகளை உள்ளூர்ப் பெட்டைகளோடு சேர்த்து உருவாக்கிய இனம் இது. இன்றைய தரோபிரெட் எதுவானாலும் அதன் தந்தை வழியைப் பிடித்துக்கொண்டு போனால் பையர்லி டர்க், டார்லி அரேபியன், கொடால்பின் அரேபியன் என்ற மூன்றில் ஒன்றில் போய் நிற்கும். டார்லி அரேபியன் 1704இல் சிரியாவின் அலெப்போவிலிருந்து வந்தது. 1790களில் ஜேம்ஸ் வெதர்பி என்பவர் வம்சாவளிப் பேரேட்டை அச்சிட்டார். காலப்போக்கில், தாய் தகப்பன் இரண்டுமே பேரேட்டில் இருந்தால்தான் குட்டிக்கு அதில் இடம். வேகம், நீண்ட கால்கள், அகன்ற நெஞ்சுக்கூடு, சட்டென்று கொதிக்கும் சுபாவம் எல்லாம் இந்தக் கதவடைப்பில் கெட்டிப்பட்டவை.

ஆஸ்திரேலியாவில் முதலில் குதிரையே கிடையாது. 1788இல் சிட்னிக்கு வந்த முதல் கப்பல்கள், வழியில் நன்னம்பிக்கை முனையில் ஏற்றிக்கொண்ட ஒரு கைப்பிடிக் குதிரைகளில் தொடங்கியது கதை. அடுத்து அங்கிருந்தே இன்னும் சில, கல்கத்தாவிலிருந்து அரபுக் குதிரைகள், திமோர் தீவிலிருந்து மட்டக் குதிரைகள். இங்கிலாந்திலிருந்து ஒரு நல்ல ஆண் குதிரையைக் கொண்டுவருவதென்றால் நூறு நாளுக்கு மேல் கப்பல் பயணம். புயலில் கால் முறிந்தால் கடலில்தான் போட வேண்டும். ஆகவே உயிரோடு வந்து இறங்கியதற்கு மவுசு அதிகம். மறுபுறம், வேலையோ மலைபோலக் கிடந்தது. மாடு மடக்க, தபால் வண்டி இழுக்க, டாக்டர் நோயாளி வீட்டுக்கு விரைய, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு தேவாலயம் போக எல்லாவற்றுக்கும் குதிரை. உழவுக்குக் கிளைட்ஸ்டேல் போன்ற கனத்த இனங்கள் பிறகு வந்தன. ஆனால் ஒரே நாளில் நீண்ட தூரம் போய்த் திரும்பும் குதிரை வேண்டுமென்றால், கட்டைக்குட்டையான வீட்டுப் பெட்டையின் வயிற்றில் தரோபிரெட்டின் குட்டி பிறக்க வேண்டும் என்பது அந்தக் கால விவசாயியின் கணக்கு.

கணக்கு தப்பில்லை. பெட்டை வருடத்துக்கு ஒரு குட்டிதான் போடும். ஆண் குதிரையோ ஒரே பருவத்தில் நாற்பது பெட்டைகளைச் சினையாக்கிவிடும். முதல் தலைமுறையில் பாதி ரத்தம். அந்தக் குட்டியை மறுபடி தரோபிரெட்டுக்கே விட்டால் முக்கால். அதற்கடுத்து எட்டில் ஏழு. பத்துப் பதினைந்து வருடத்தில் ஒரு வட்டாரத்தின் குதிரைகளுடைய முகவெட்டே மாறிவிடும். யாரும் விலைகொடுத்து இன்னொரு குதிரையை வாங்கவே வேண்டாம்.

பெட்டையைப் பண்ணைக்கு அனுப்ப முடியாதவர்களைத் தேடிப் பொலிகுதிரையே நடந்து வந்தது. எனக்கு இந்த ஏற்பாட்டில் பிடித்த பகுதி இதுதான். குதிரைக்காரன் கையில் அச்சடித்த வம்சாவளி அட்டையோடு கிளம்புவான். திங்களன்று ஓர் ஊர்ச் சத்திரம், செவ்வாயன்று அடுத்தது என்று மெய்ட்லண்ட், சிங்கிள்டன், மஸ்வெல்புரூக் பக்கத்துச் சாலைகளில் சுற்றிவிட்டு ஒரு வாரத்தில் புறப்பட்ட இடத்துக்கே திரும்புவான். இந்த வாரச் சுற்று சும்மா வகுத்ததல்ல. பெட்டைக் குதிரை வருடம் முழுக்கப் பருவத்துக்கு வருவதில்லை. பகல் பொழுது நீளத் தொடங்கிய பிறகே அதன் சினைப்பைகள் முழு வேகத்தில் வேலை செய்யும். தென்கோளத்தில் அது செப்டம்பர் வாக்கில். அப்போதிலிருந்து சுமார் 21 நாளுக்கு ஒருமுறை பருவம் வரும், ஒவ்வொன்றும் ஐந்து முதல் ஏழு நாள் நீடிக்கும். ஆகவே வாரம் ஒருமுறை வரும் ஆண் குதிரைக்கு அநேகமாக எந்தப் பெட்டையும் தப்பாது. மூன்று வாரம் கழித்துத் திரும்ப வரும்போது பெட்டை ஏற்க மறுத்தால் சினை நின்றிருக்கிறது என்று ஊகிக்கலாம். குட்டி ஈன்ற பெட்டை ஒன்பதாம் நாள் வாக்கிலேயே மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் பதினோரு மாதம் என்பதால், அந்த நாளைப் பிடித்தால்தான் ஆண்டுக்கு ஒரு குட்டி என்ற கணக்கு நிற்கும்.

பருவமா இல்லையா என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் இல்லை. மார்பளவு உயரத்தில் கனத்த மரத்தடுப்பு ஒன்று. ஒருபக்கம் பெட்டை, மறுபக்கம் ஆண். ஆண் கழுத்தை நீட்டி முகரும். பெட்டைக்கு நேரம் வரவில்லையென்றால் காதைப் பின்னால் மடக்கி, கிறீச்சிட்டு, தடுப்பு அதிர உதைக்கும். வந்திருந்தால் பின்காலை அகட்டி, வாலை ஒதுக்கி, சிறுநீர் கழித்தபடி நிற்கும். பெரிய பண்ணைகளில் இந்த உதை வாங்கும் வேலைக்கென்றே மலிவான ஆண் குதிரை ஒன்று இருக்கும். அது முகர்ந்து சொல்லும். இணை சேர விலையுயர்ந்த குதிரை வரும். பாவப்பட்ட பிழைப்பு. இன்றைய பண்ணைகளிலும் ஸ்கேன் கருவிக்குப் பக்கத்தில் அந்த வேலை ஒழியவில்லை.

எல்லாப் பொலிகுதிரையும் கட்டணத்துக்குத் தகுந்த குட்டி கொடுத்துவிடவில்லை. ஓட்டத்தில் தோற்றது, நொண்டியது, காயடிக்காமல் விட்டது எல்லாம் வம்சாவளி அட்டையைக் காட்டிக்கொண்டு ஊர் சுற்றின. மெலிந்த எலும்பும் குறுகிய நெஞ்சுமாகக் குட்டிகள் பிறப்பதாக 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விவசாயிகள் புலம்பினார்கள். அந்தப் புலம்பல் நியாயமானதுதான். குறுகிய தூரத்தில் பறப்பதற்காகப் பொறுக்கிய குதிரையை வைத்து வண்டிக் குதிரை செய்யப் பார்த்தால் வேறென்ன நடக்கும்?

தேறியவற்றுக்கோ சந்தை கடல் தாண்டி இருந்தது. இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படைக்குக் குதிரைகள் ஓயாமல் தேவைப்பட்டன. ஓசூர் பக்கம் மத்திகிரியில், இன்று அரசுக் கால்நடைப் பண்ணையாக இருக்கும் இடத்தை 1824இல் ஆரம்பித்ததே படைக் குதிரைகளுக்காகத்தான். உள்ளூர் வளர்ப்பு போதாமல், ஹன்டர் பள்ளத்தாக்கு இருக்கும் நியூ சவுத் வேல்ஸின் கலப்புக் குதிரைகளைக் கப்பல் கப்பலாக வாங்கினார்கள். வேல்ஸிலிருந்து வந்ததால் அவற்றுக்கு ‘வேலர்’ என்று பெயர். சென்னை முக்கியமான இறங்குதளம். செயற்கைத் துறைமுகம் கட்டுமுன் கப்பல்கள் அலைக்கு அப்பால் நிற்கும். குதிரைகளைக் கடலில் இறக்கி நீந்தவிட்டுக் கரைசேர்த்ததும் உண்டு. முதல் உலகப் போரில் மட்டும் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் ஆஸ்திரேலியாவிலிருந்து வெளிநாடு போயின. ஹன்டர் விவசாயி கட்டிய கினிகளில் ஒரு பகுதி இப்படி ரூபாயாகத் திரும்பியது.

பந்தயக் குதிரையை வண்டிக்குப் பயன்படுத்தப்போய்ப் பந்தயத்திலேயே முடிந்த கதையும் உண்டு. இங்கிலாந்தில் மஸ்கெட் என்றொரு குதிரை. அதை வளர்த்த கிளாஸ்கோ பிரபு, தேறாது என்று நினைத்த குதிரைகளைச் சுட்டுவிடுகிற பேர்வழி. மஸ்கெட்டும் மயிரிழையில்தான் தப்பியது என்பார்கள். 1870களின் பிற்பகுதியில் நியூசிலாந்துக் கம்பெனி ஒன்று கோச்சு வண்டிக் குதிரைகளை உற்பத்தி செய்வதற்காக அதை வாங்கிக் கொண்டுபோனது. நல்ல சாதிப் பெட்டைகளையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் கையிலிருப்பது என்னவென்று புரிந்தது. அதன் மகன் மார்ட்டினி-ஹென்றி 1883இல் மெல்போர்ன் கோப்பையை வென்றது. தகப்பன் பெயருக்கேற்பக் குட்டிகளுக்கும் நோர்டன்ஃபெல்ட், ஹாட்ச்கிஸ் என்று துப்பாக்கிப் பெயர்களாகவே வைத்தார்கள். மஸ்கெட் செத்த 1885இல் ஆக்லாந்து பக்கம் பிறந்தது கார்பைன். 43 ஓட்டங்களில் 33 வெற்றி. 1890 மெல்போர்ன் கோப்பையில் ஏறக்குறைய 66 கிலோ சுமையோடு 38 குதிரைகளை முந்தியது. 1895இல் இங்கிலாந்தின் போர்ட்லண்ட் டியூக் 13,000 கினி கொடுத்துப் பொலிகுதிரையாக வாங்கிப்போனார். அங்கே அதன் மகன் ஸ்பியர்மின்ட் 1906இல் டெர்பியை வென்றது.

ஹன்டர் பள்ளத்தாக்கில் இப்போது மக்காச்சோள விவசாயி பொலிகுதிரையைத் தேடிப் போவதில்லை. ஸ்கோன் சுற்றுவட்டாரம் முழுக்கப் பந்தயக் குதிரைப் பண்ணைகள். அமெரிக்காவின் கென்டக்கிக்கு அடுத்தபடி உலகில் இவ்வளவு அடர்த்தியாக வேறெங்கும் கிடையாது என்கிறார்கள். இவ்வளவுக்குப் பிறகும் செயற்கைக் கருவூட்டலில் பிறந்த குட்டியைத் தரோபிரெட் பேரேட்டில் சேர்ப்பதில்லை. அந்தத் தடையை எதிர்த்த வழக்கு 2012இல் ஆஸ்திரேலிய ஃபெடரல் நீதிமன்றத்தில் தோற்றது. விந்து போக முடியாததால் குதிரையே போகிறது. வடகோளத்தில் பிப்ரவரி முதல் ஜூன் வரை வேலை பார்த்துவிட்டு, விமானமேறித் தெற்கே வந்து செப்டம்பர் முதல் டிசம்பர் வரை இன்னொரு பருவம். 1990இல் இப்படி ஹன்டருக்கு வந்த டேன்ஹில், ஆஸ்திரேலியாவின் முதலிடப் பொலிகுதிரைப் பட்டத்தை ஒன்பது முறை வாங்கியது. பருவத்துக்கு நாற்பது பெட்டை என்ற பழைய கணக்கு, புகழ்பெற்ற குதிரைகளுக்கு இன்று நூற்றைத் தாண்டிவிட்டது. கட்டணமும் முன்பணமாக இல்லை; குட்டி உயிரோடு பிறந்து எழுந்து நின்ற பிறகு கட்டினால் போதும் என்கிறார்கள் பல பண்ணைக்காரர்கள்.