20 மி.மீ. துளைக்குள் ஒரு ரேஸ்: குழாய் நீளத்துல என்ன இருக்கு?

வேலூர் விஐடி மாணவர்களின் 'பிரவேகா ரேசிங்' மாதிரி ஃபார்முலா ஸ்டூடண்ட் அணிகளுக்கு ஒரு தலைவலி உண்டு. பெட்ரோல் இன்ஜின் 710 சிசி வரை இருக்கலாம். ஆனா மொத்தக் காற்றும் 20 மி.மீ. துளை வழியாத்தான் போகணும். கட்டைவிரல் அகலம்தான்!

அங்கேதான் இன்டேக் ரன்னர், அதாவது சிலிண்டருக்குக் காற்று கொண்டுபோகும் குழாய், முக்கியமாகிறது. அதில் எழும் அழுத்த அலை ஒலி வேகத்தில் ஓடும். 30 செ.மீ. குழாயில் போய்த் திரும்ப சுமார் 1.8 மில்லி செகண்ட். திரும்பும்போது வால்வு திறந்திருந்தால், கூடுதல் காற்று இலவசம். ஆர்பிஎம் ஏறினால் அவகாசம் குறையும்; குழாயும் குட்டையாகணும்.

அப்போ குட்டையா, அகலமா வெச்சிடலாமே? அங்கதான் சிக்கல். துளையில் காற்று ஒலி வேகத்தைத் தொட்டுட்டா, அதுக்கு மேல அளவு கூடாது. டிராக்கிலும் வளைவுகளே அதிகம். வளைவிலிருந்து வெளியேறும் இழுவைக்கு, கொஞ்சம் நீளமான, ஒடுக்கமான குழாய்தான் கைகொடுக்கும்.