கட்டாயமாகாத ஒப்பம்

2017 மே மாதம், சிங்கப்பூரின் தியோங் பாரு பிளாசாவில் கடைகளுக்கு வழிகாட்டும் மின்திரையில் பிணைப்பணம் கேட்கும் அறிவிப்பு தோன்றியது. அதன் பின்னிருந்த வான்னாகிரை என்னும் தீநிரல், கணினிகள் கோப்புகளைப் பகிரும் எஸ்.எம்.பி. நெறிமுறையின் முதற்பதிப்பை விண்டோஸ் கையாண்ட விதத்தில் கிடந்த ஓட்டை வழியே பரவியது. அதை அடைக்கும் திருத்தம் அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளிவந்திருந்தது.

எத்திருத்தமும் அடைக்காத நலிவொன்றும் அந்நெறிமுறைக்கு உண்டு. இரு கணினிகளுக்கு இடையே புகுந்தவன், ஒருவர் அனுப்பும் நுழைவுச் சான்றை வாங்கி, வழங்கியிடம் தன்னுடையதாக நீட்டிவிடலாம். சர் டிஸ்டிக் என்னும் புனைபெயரினர் 2001இல் இதற்கொரு கருவியையே வெளியிட்டார். இத்தகைய இடைபுகுதலைத் தடுப்பது செய்தி ஒப்பம். நுழைவின்போது இருமுனைகளும் கடவுச்சொல்லின் வழி ஒரே திறவியைத் தத்தம் பக்கத்தில் வருவிக்கின்றன. அதைக்கொண்டு ஒவ்வொரு செய்திக்கும் சரிபார்ப்பு எண் கணிக்கப்படுகிறது. இரண்டாம் பதிப்பு முதல், 64 பைட்டுத் தலைப்பின் கடைசி 16 பைட்டுகள் இதற்கே உரியவை. ஓரெழுத்து மாறினும் எண் பொருந்தாது. இடைநிற்பவனிடமோ திறவி இல்லை. (செய்தியை மறைப்பது இதன் பணியன்று, அதற்கு மறையாக்கம் வேண்டும்.)

சிராங்கூன் சாலைக் கடை மாடிகளில் கணக்கேடுகளைத் தாங்குவன போன்ற சேமிப்புப் பெட்டிகள் பலவற்றுள் இயங்குவது, ஆண்ட்ரூ டிரிட்ஜெல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய சாம்பா என்னும் எஸ்.எம்.பி. மென்பொருள். அதில் 'சர்வர் சைனிங்' என்னும் அமைப்புக்கு 'ஆட்டோ', 'மேண்டேட்டரி', 'டிசேபிள்டு' ஆகிய மதிப்புகளைத் தரலாம். இரண்டாம் பதிப்பு முதல் ஒப்பத்தை அறவே விலக்க நெறிமுறை இடந்தராது; 'டிசேபிள்டு' என்று எழுதினாலும் சாம்பா அதை 'ஆட்டோ' என்றே கொள்ளும். ஆனால் 'ஆட்டோ' காவலன்று. இருமுனைகளில் ஒன்றேனும் கட்டாயம் கேட்டாலன்றி ஒப்பம் இடப்படுவதில்லை. இருவரும் மற்றவர் கேட்கட்டும் என்றிருந்தால் செய்திகள் ஒப்பமின்றியே ஓடும். விருப்பத்திற்கு விடப்பட்ட காவல், நடைமுறையில் இல்லாத காவலே.

2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 வெளியீடு, புரோ, எண்டர்பிரைஸ் பதிப்புகளில் ஒப்பத்தை இயல்பாகவே கட்டாயமாக்கியது. கடவுச்சொல் கேட்காமல் விருந்தினராக யாரையும் உள்ளே விடும் பெட்டிகளோடு அது பேச மறுத்தது. காரணம் எளிது: கடவுச்சொல் இல்லையேல் திறவி இல்லை, திறவி இல்லையேல் ஒப்பமும் இல்லை. பலரும் கண்ட குறுக்குவழி, விண்டோசில் கட்டாயத்தை நீக்குவது. வேகம் குறையும் என்ற பழைய அச்சமும் அதற்குத் துணைநின்றது; ஆனால் ஒப்பத்திற்கான ஏ.இ.எஸ். கணிப்பைச் செயலிகளே விரைந்து செய்யும் இக்காலத்தில் சிறு அலுவலகத்துக்கு அது பெரிய சுமையன்று.

பெட்டியில் ஆளுக்கொரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அமையுங்கள். விருந்தினர் நுழைவை மூடுங்கள். சாம்பாவில் 'மேண்டேட்டரி' என்று எழுதுங்கள்.