செபம் நம்மை மாற்றுமா?

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அப்படியானால், நாள்தோறும் செபமாலை சொல்லும் நம்முடைய குணம் மட்டும் ஏன் நகர மறுக்கிறது?

எங்கள் தூத்துக்குடியில் ஆண்டுதோறும் சூலை 26ஆம் நாள் பனிமய மாதா பேராலயத்தில் கொடி ஏறும். ஆகஸ்டு 5ஆம் நாள் பெருவிழா. துறைமுகத்தில் வேலை செய்வோர், கடலுக்குச் செல்வோர், உப்பளத்தில் உழைப்போர் என எல்லாரும் மாதாவின் முன் கூடுவார்கள். இனி மதுவைத் தொடுவதில்லை என்று அந்நாட்களில் நேர்ந்துகொள்வோரும் உண்டு. ஆனால் கொடி இறங்கியதும் அவர்களுள் சிலர் பழைய வழிக்கே திரும்பிவிடுகிறார்கள். அத்தகைய வீட்டிலிருந்து வரும் எங்கள் தோழி ஒருத்தி, மறைக்கல்வி வகுப்பில் எழுந்து நின்று, "நானும் அம்மாவும் தினமும் செபிக்கிறோம். எங்கள் செபத்தில் என்ன குறை?" என்று கேட்டாள். வகுப்பே அமைதியாகிவிட்டது. அந்தக் கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

முதலில் நம் கடற்கரையின் வரலாற்றைப் பார்ப்போம். 1542ஆம் ஆண்டு புனித சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். இங்கிருந்த பரதவர்கள் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றிருந்தனர். ஆயினும், கற்பிக்க ஆளின்மையால் செபங்களை அறியாதிருந்தனர். சவேரியார் மொழி அறிந்தவர்களின் துணையோடு விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம், அருள் நிறைந்த மந்திரம், பத்துக் கட்டளைகள் ஆகியவற்றைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று சிறுவர் சிறுமியரைக் கூட்டினார். தாங்கள் கற்றதை வீட்டிலுள்ள பெற்றோருக்கும் கற்பிக்குமாறு அவர்களைப் பணித்தார்.

சவேரியார் செபத்தை மட்டும் கற்பித்துவிட்டு வாளாவிருக்கவில்லை. குடிப்பழக்கத்தைத் தடுக்க அபராதமும் சிறைக்காவலும் விதிக்கச் சொல்லி 1544ஆம் ஆண்டில் தம் உடன் ஊழியருக்குக் கடிதம் எழுதினார். செபத்தில் அவருக்கு இணையான நம்பிக்கை உடையவர் யார்? அவரே செபத்தோடு வேறு முயற்சியும் வேண்டும் என்று கருதினார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அவருக்குப் பின் 1546இல் இந்தியாவுக்கு வந்த ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் அடிகளார் நம் மக்களுடனேயே வாழ்ந்து தமிழைக் கசடறக் கற்றார். 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' அச்சாயிற்று. இந்திய மொழி ஒன்றின் எழுத்துகளில் நம் நாட்டிலேயே அச்சான முதல் நூல் அதுவே. 1580ஆம் ஆண்டு பாவசங்கீர்த்தனத்திற்கு வழிகாட்டும் நூலொன்றையும் அவர் தமிழில் வெளியிட்டார். செபத்தைக் கற்றால் மட்டும் போதாது. தன் குறை எது என்பதை ஒவ்வொருவரும் தம் சொந்த மொழியிலேயே ஆராய்ந்து, பெயரிட்டுச் சொல்லவும் வேண்டும் என்பதே அத்தகைய நூலின் நோக்கம். 1600ஆம் ஆண்டு மறைந்த அடிகளார் நம் தூத்துக்குடியில்தான் அடக்கம் செய்யப்பட்டார் என்பது நமக்குப் பெருமை தருவதாகும்.

இவ்விருவரும் இயேசு சபையினர். அச்சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார், 1548இல் வெளியான தம் 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில் ஓர் எளிய முறையைக் கூறுகிறார். ஒரே ஒரு குறையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். காலையில் எழுந்தவுடன் அதனை விலக்க உறுதி எடுக்க வேண்டும். நண்பகல் உணவுக்குப் பின் ஒருமுறை, இரவு உணவுக்குப் பின் ஒருமுறை, எத்தனை தடவை தவறினோம் என்று எண்ணி, ஏட்டில் வரைந்த கோட்டின் மேல் அத்தனை புள்ளிகள் இட வேண்டும். இடையில் தவறும்போதெல்லாம் நெஞ்சில் கை வைத்து வருந்த வேண்டும். பிறகு நாளோடு நாளையும் வாரத்தோடு வாரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கடையில் கணக்கு எழுதுவது போன்ற இம்முறையைக் கேட்டபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் கடந்த தவக்காலத்தில் நாங்கள் சிலர் அதனைச் செய்து பார்த்தோம்.

நாங்கள் தேர்ந்துகொண்ட குறை, பிறரைக் கேலி செய்வது. எங்கள் வகுப்பில் ஒருத்திக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் மூன்றாண்டுகளாக வழங்கி வந்தது. அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள். ஆகவே அவளுக்கு வருத்தமில்லை என்றே எண்ணியிருந்தோம்.

முதல் வாரத்தில் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் புள்ளிகள் குறையவில்லை, கூடின. செபித்ததால் நாங்கள் மேலும் கெட்டுவிட்டோமா என்று திகைத்தோம். பின்னர்தான், முன்பு கண்ணில் படாத தவறுகள் இப்போது படுகின்றன என்று புரிந்தது. இரண்டாம் வாரத்தில், பெரும்பாலான புள்ளிகள் மதிய இடைவேளையில்தான் விழுகின்றன என்று கண்டுகொண்டோம். ஆகவே சாப்பாட்டுக்கு முன் சொல்லும் செபத்தோடு, 'ஆண்டவரே, இந்த அரைமணி நேரம் எங்கள் நாவைக் காத்தருளும்' என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டோம். கேட்பது இன்னது என்று தெளிவாகத் தெரிந்தபின், கேட்டது நினைவிலும் நின்றது. புள்ளிகள் குறைந்தன.

ஆனால் உயிர்ப்புத் திருநாள் கழிந்ததும் நோட்டை மறந்தோம். இரண்டே வாரத்தில் பழைய பட்டப்பெயர் மீண்டும் வாயில் வந்துவிட்டது. கொடி இறங்கியதும் திரும்பிப்போகிறவர்களைக் குறை கூறிய நாங்களும் அதையே செய்திருந்தோம்! வெட்கத்தோடு அந்தத் தோழியிடம் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "மன்னிப்பெல்லாம் வேண்டாம். இனிமேல் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், அது போதும்" என்றாள். நாற்பது நாட்கள் கடவுளிடம் பேசிய நாங்கள், அருகில் அமர்ந்திருந்தவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லையே என்பது அப்போதுதான் உறைத்தது. அன்றுமுதல் அவளைப் பெயர் சொல்லி அழைக்கிறோம். நோட்டையும் மறுபடி எடுத்துவிட்டோம்.

எங்கள் குறை சிறியது. குடியைப் போன்ற பெரிய கட்டும் அவிழுமா என்று கேட்கலாம். நம்மூரைப் போலவே துறைமுக நகரமான அயர்லாந்து நாட்டு டப்ளினில் 1856ஆம் ஆண்டு பிறந்தவர் மாட் டால்போட் என்ற கூலித்தொழிலாளி. சிறுவயதிலேயே குடிக்கு அடிமையானவர். பிழைப்புக்கு ஃபிடில் வாசித்த ஒருவரின் ஃபிடிலைத் திருடி விற்றுக் குடித்ததும் உண்டு. 1884இல் மூன்று மாதங்களுக்கு மட்டும் குடிப்பதில்லை என்று வாக்குறுதி எடுத்தார். அதன்பின் ஆறு மாதம். அதன்பின் வாழ்நாள் முழுவதும். நாள்தோறும் அதிகாலைத் திருப்பலிக்குச் சென்றார். மதுக்கடைக்குள் நுழையாதிருக்கக் கையில் காசு வைத்துக்கொள்வதையும் தவிர்த்தார். பழைய கடன்களைத் தீர்த்தார். அந்த ஃபிடில்காரரைத் தேடி அலைந்தும் காணாமல், அவருக்காகப் பூசை செய்வித்தார். 1925இல் திருப்பலிக்குப் போகும் வழியில் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் குடிக்கவில்லை. 1975இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தது.

குடிநோய் ஒரு நோயே என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். அதற்கு மருத்துவமும் வேண்டும். தாங்குவதற்கு மனிதரும் வேண்டும். 1935இல் அமெரிக்காவில் தோன்றிய 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்பினர் இறைவேண்டலோடு, தம்மைப் போன்ற பிறருடன் கூடிப் பேசுவதையும், தாம் தீங்கு செய்தவர்களுக்கு ஈடு செய்வதையும் வழியாகக் கொண்டுள்ளனர். நம் நாட்டிலும் இக்குழுக்கள் இயங்குகின்றன. மருத்துவரிடம் செல்வது விசுவாசக் குறைவு ஆகாது.

இப்போது எங்கள் தோழியின் கேள்விக்கு வருவோம். புனித மோனிக்கம்மாள் தம் மகனுக்காகப் பல ஆண்டுகள் கண்ணீர் வடித்துச் செபித்தார். மகன் அகுஸ்தீனாரோ, இளமையில் தூய வாழ்வை வேண்டியபோதே, இறைவன் அதை உடனே கொடுத்துவிடுவாரோ என்று அஞ்சியதாகத் தாமே எழுதியிருக்கிறார். 386ஆம் ஆண்டு மிலான் நகரத் தோட்டம் ஒன்றில் அவரே மனம் திரும்பும்வரை அம்மா காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை மோனிக்கம்மாளின் செபத்தில் குறை இருந்தது என்று யாராவது சொல்வார்களா? ஒருவர் திரும்ப வேண்டிய திருப்பத்தை அவருக்காக மற்றவர் திரும்ப முடியாது. ஆகவே தோழியே, உன் செபத்தில் குறை ஏதும் இல்லை. அப்பா குடிப்பது உன் குற்றமும் அன்று.

அக்காலத்தில் நம் கடலில் முத்துக் குளித்தவர்கள், கயிற்றில் கட்டிய கல்லின் பாரத்தால் ஆழத்திற்கு இறங்குவார்கள். மூச்சை அடக்கிச் சிப்பிகளைச் சேர்த்தபின் கயிற்றை அசைப்பார்கள். தோணியில் இருப்பவர் மேலே இழுத்துக்கொள்வார். தோணியில் இருப்பவர் எவ்வளவு வல்லவராயினும், இறங்க வேண்டியவர் இறங்காவிட்டால் சிப்பி வராது. இறங்கியவர் எவ்வளவு திறமைசாலியாயினும், கயிறில்லாமல் தொழில் நடக்காது. செபம் அந்தக் கயிறு என்று நாங்கள் நம்புகிறோம்.

ஆகவே அன்புத் தோழியரே, ஒரு குறையைத் தேர்ந்துகொள்வோம். அதற்கென்று ஒரு நேரத்தில் செபிப்போம். இரவில் கணக்குப் பார்ப்போம். யாருக்குத் தீங்கு செய்தோமோ அவரிடமே செல்வோம். விழுந்தால், அடுத்த தவக்காலம் வரை காத்திராமல் மறுநாளே தொடங்குவோம். இன்றிரவே தொடங்கலாம் அல்லவா?