பரவையின் இணைக்கொம்பும் பொது நிரலும்

மதுரையை ஒட்டிய பரவையின் பெயரை எழுதும்போது கை முதலில் இணைக்கொம்பைப் போட்டுவிட்டு அப்புறம்தான் வகரத்தை எழுதுகிறது. கணினியின் நினைவகத்தில் வரிசை வேறு: ப, ர, வ, கடைசியில் கொம்பு. யூனிக்கோடு ஒலிக்கும் வரிசையில் சேமிக்கிறது; திரைக்கு வருமுன் யாராவது கொம்பை முன்னால் நகர்த்தியாக வேண்டும். ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்பாக்ஸ், லிப்ரேஆபிஸ் எல்லாவற்றிலும் அந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற ஒரே திறமூல நிரல். இத்தனை பேருக்குப் பொதுவான நிரலில், ஓர் இயங்குதளத்துக்கு மட்டும் வேண்டிய மாற்றத்தைச் சேர்க்கலாமா? கேட்பவர் பெரியவரா சிறியவரா என்பது அளவுகோல் ஆகாது. இயங்குதளத்தின் பெயரைச் சொல்லாமல் அந்தத் தேவையை விளக்க முடிந்தால் சேர்க்கலாம் என்பதே என் கட்சி.

கொம்பை நகர்த்துவது தமிழின் இயல்பு, எந்தத் திரையிலும் அது வேண்டும். விண்டோசில் இதே வேலையைச் செய்த யூனிஸ்கிரைப்பின் பிழைகள் அப்படியல்ல. ஹார்ஃப்பஸ் அவற்றில் சிலவற்றை அப்படியே செய்துகாட்டும், ஆனால் அதற்கென உள்ள விசையைப் போட்டால்தான். அந்த விசையின் பெயரிலேயே ‘பிழை’ என்ற சொல் உண்டு. பல எழுத்துருக்கள் விண்டோசில் சோதித்து உருவானவை, பிழையைத் திருத்தினால் வாசகர்தானே அவதிப்படுவார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எழுத்துருக்கள் பரவலாக நம்பியிருக்கும் நடத்தை ஒரு நிறுவனத்தின் சொத்தாக நின்றுவிடுவதில்லை. அது பொதுத் தேவையாகிவிடுகிறது, என் அளவுகோலிலும் தேறிவிடுகிறது.

பொதுமைப்படுத்தும்வரை கைபேசி காத்திருக்குமா என்பது இதைவிடக் கடினமான மறுப்பு. காத்திருக்கவில்லை. உறங்கப்போகும் கைபேசியை, வேலை முடியும்வரை விழித்திருக்கவைக்கும் ‘வேக்லாக்’ என்ற பூட்டை ஆண்ட்ராய்டு தன் லினக்ஸ் கருநிரலில் வைத்துக்கொண்டது. பொதுக் கருநிரல் அதை ஏற்கவில்லை. அதன் சோதனைப் பகுதியில் இருந்த ஆண்ட்ராய்டு நிரல்களும் பராமரிக்க ஆளின்றி 2010-இல் நீக்கப்பட்டன. ஆனால் உறங்கப்போகும் நொடியில் விழிப்பூட்டும் நிகழ்வு வந்தால் அது தவறிப்போகும் ஆபத்து மடிக்கணினிக்கும் உண்டு. தேவையை அப்படிச் சொன்னதும் வழி பிறந்தது: விழிப்பு நிகழ்வுகளைக் கணக்கிடும் பொது ஏற்பாடு 2010-இலேயே 2.6.36 பதிப்பில் வந்தது, அதன்மேல் கட்டிய தானியங்கி உறக்கம் 2012-இல் 3.5 பதிப்பில் சேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் தனிக் கிளை வைத்துக்கொண்டது தவறில்லை. ஒவ்வொரு புதுப் பதிப்பிலும் ஒட்டுகளை மறுபடி பொருத்தும் சுமை கிளை வைத்தவர் தலையில்தான் விழுந்தது, அது சரியான இடமும்கூட.

எப்படிச் சொன்னாலும் பொதுவாகாத தேவைகளும் உண்டு. எழுத்தை வடிவமைக்கும் ஆப்பிளின் சொந்த நிரலான கோர்டெக்ஸ்ட்டை அழைப்பது ஆப்பிள் கருவிகளுக்கு மட்டுமே பொருள்படும். ஹார்ஃப்பஸ் அதைத் தனிக் கோப்பில் ஒதுக்கிவைத்திருக்கிறது. லினக்சுக்காகத் தொகுக்கும்போது அந்தக் கோப்பு உள்ளே வருவதே இல்லை, வகரத்தின் முன் கொம்பை நகர்த்தும் வரிகளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.