டயலிசிஸின்போது பிரஷர் இறங்குவது ஏன்?



சிறுநீரகம் செயலிழந்த வாப்பாவையோ உம்மாவையோ வாரத்தில் இரண்டு மூன்று தடவை டயலிசிஸுக்குக் கூட்டிச் செல்லும் வீடுகள் நம் மத்தியில் குறைவல்ல. பாதி வழியில் நோயாளிக்குக் கொட்டாவி வரும், வியர்க்கும், கெண்டைக்கால் பிடித்திழுக்கும், கண் இருளும். பிரஷர் இறங்கிவிட்டது! உடனே நாம் மெஷினையும் தாதிமாரையும் குறை சொல்கிறோம். பல வேளைகளில் காரணம் நமது அடுப்படியில்தான் இருக்கிறது.

எப்படி என்று பாருங்கள். சிறுநீர் போகாதவரின் உடலில், குடித்த நீர் தங்கிவிடுகிறது. மெஷின் அதை இரத்தத்திலிருந்தே எடுக்கிறது. உடலின் மற்றப் பாகங்களில் தேங்கிய நீரோ மெல்ல மெல்லத்தான் இரத்தத்துக்கு வந்து சேரும். எடுக்கும் வேகம் அதை மிஞ்சினால் அழுத்தம் விழும். ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 13 மில்லிலீட்டருக்கு மேல் எடுப்பது ஆபத்தைக் கூட்டும் என்பது வைத்தியர்களின் கணக்கு. 60 கிலோ உள்ளவருக்கு 4 மணி நேரத்தில் ஏறக்குறைய 3 லீட்டர். அதற்கு மேல் சுமந்துகொண்டு போனால், நேரத்தை நீட்ட வேண்டும். இல்லையேல் பிரஷர் இறங்கும், நீரெடுப்பதை நிறுத்திச் சேலைன் ஏற்றுவார்கள். போக வேண்டிய நீர் போகாது. அடிக்கடி இப்படி நேர்ந்தால் இருதயமும் பலவீனப்படும்.

"தண்ணீர் குடிக்காதே" என்று நோயாளியை ஏசிப் பயனில்லை. தாகத்தைக் கிளப்புவது உப்பு. சுமார் 9 கிராம் உப்பு ஒரு லீட்டர் நீரை உடலில் பிடித்து வைக்கும். கருவாடு, அச்சாறு, பப்படம், சூப் கட்டி எல்லாம் உப்புத்தான். வீட்டார் அனைவருக்குமே உப்பைக் குறைத்துச் சமைத்தால் அவர் தனித்துப் போகமாட்டார். நோய் விசாரிக்க வருவோர் அன்போடு நீட்டும் பிளேன்டியும் ஸம்ஸமும்கூட அன்றைய நீர்க் கணக்கில் சேரும். பரக்கத்துக்கு ஒரு மிடறு போதாதா?

இன்னொன்று. டயலிசிஸ் நடக்கும்போது சோற்றுப் பார்சல் ஊட்டாதீர்கள். சாப்பிட்டதும் இரத்தம் வயிற்றுப் பக்கம் திரும்பும். பிரஷர் இறங்க அதுவும் ஒரு வழி. பிரஷர் குளிசையை அன்று காலையில் போடுவதா, பிறகா என்று வைத்தியரிடமே கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். மெஷினின் திரவத்தைச் சற்றுக் குளிராக, 36 பாகை அளவில் வைத்தால் இரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் தாங்கும். குளிருகிறது என்றால் போர்வை கொண்டு போங்கள்.

எல்லாப் பழியும் அடுப்படிக்கல்ல. பசியெடுத்து நன்றாகச் சாப்பிட்டுச் சதை பிடித்தவருக்குப் பழைய இலக்கு எடையே எழுதப்பட்டிருந்தால், அளவுக்கு மிஞ்சி நீர் எடுபடும். உணவு கூடியதை வைத்தியரிடம் சொல்லுங்கள். முடிந்தவுடன் எழுந்து நடக்கவும் விடாதீர்கள். சற்று உட்கார்ந்து, பிரஷர் பார்த்த பிறகே எழும்பட்டும்.