நெரிக்கும் அத்தி: நெரிப்பது யார்?

எங்கள் கல்லூரிக்குச் செல்லும் சாலையோரத்தில் ஒரு பனைமரம் உண்டு. அதன் உடலைச் சுற்றி ஓர் ஆலமரம் வேர்விட்டுப் படர்ந்திருக்கிறது. "இந்த ஆல் பனையை நெரித்துக் கொன்றுவிடுமா, ஐயா?" என்று மாணவர் ஒருவர் கேட்டார். "ஆம், நாளடைவில் நெரித்துவிடும்" என்று யோசியாமல் சொல்லிவிட்டேன். இயற்பியல் ஆசிரியனான நான் சிறிது கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால் அவ்வாறு சொல்லியிருக்க மாட்டேன். என் விடை ஏன் தவறு என்பதை அறிய, நாம் முதலில் வெப்பமண்டலக் காட்டுக்குள் போக வேண்டும்.

உச்சியில் ஒரு விதை

ஆலும் அரசும் 'பைகஸ்' என்னும் அத்திப் பேரினத்தைச் சேர்ந்தவை. உலகில் ஏறத்தாழ 800 அத்தி இனங்கள் உள்ளன. அவற்றுள் பல, வேறொரு மரத்தின்மேல் முளைத்து, அதை வேர்களால் வளைத்து வளர்பவை. இவற்றையே 'நெரிக்கும் அத்தி' என்கிறோம்.

ஆனைமலையின் மழைக்காடுகளில் மரங்கள் 30 மீட்டருக்கு மேலும் உயர்ந்து, குடைபோல் வானை மூடி நிற்கின்றன. உச்சியில் விழும் ஒளியில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் தரையை எட்டுகிறது. அத்தி விதையோ மிகச் சிறியது. அதில் சேமித்த உணவும் சொற்பம். இருண்ட தரையில் முளைத்தால் அது பிழைப்பது அரிது.

ஆகவே இம்மரங்கள் தலைகீழான வழியைக் கைக்கொள்கின்றன. இருவாய்ச்சி, குக்குறுவான், பழந்தின்னி வௌவால், குரங்கு ஆகியவை பழத்தைத் தின்று, விதையை எச்சத்தோடு மரக்கிளையில் இடுகின்றன. கிளைக்கவட்டில் மக்கிய இலையும் தூசும் சேர்ந்திருந்தால் விதை அங்கேயே முளைக்கிறது. மற்ற மரங்கள் கீழிருந்து மேலே ஒளியைத் தேடிப் போக, இது மேலிருந்து கீழே மண்ணைத் தேடி வருகிறது.

இங்கே ஒன்றை மறக்கலாகாது. புல்லுருவியைப் போல இது தாங்கும் மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. இருக்க இடம் மட்டுமே பெறுகிறது. எனவே இது ஒட்டுண்ணி அன்று.

மண்ணைத் தேடி

மரத்தின்மேல் ஒளிக்குக் குறைவில்லை, நீருக்குத்தான் பஞ்சம். மழை நின்ற சில நாள்களில் கவட்டிலுள்ள ஈரம் உலர்ந்துவிடும். அதனால் இளஞ்செடி நீரைச் சிக்கனமாகச் செலவிடுகிறது. மண்ணில் வேரூன்றிய மரத்தின் இலைகளைவிட, இந்நிலையிலுள்ள செடியின் இலைகளில் இலைத்துளைகள் குறைவு.

வேர் தரையைத் தொட்டதும் நிலைமை மாறுகிறது. நீரும் தாதுக்களும் தாராளமாகக் கிடைக்க, வளர்ச்சி விரைவுபெறுகிறது. தளர்ந்து தொங்கிய வேர், மண்ணில் ஊன்றியபின் சற்றே சுருங்கி, இழுத்துக் கட்டிய கம்பிபோல் விறைக்கிறது. மேலும் மேலும் வேர்கள் இறங்குகின்றன. ஒன்றையொன்று தொடும் இடத்தில் அவை ஒட்டி இணைந்து, தாங்கும் மரத்தைச் சுற்றி வலைபோல் பின்னிக்கொள்கின்றன.

இந்த இணைப்பில் ஒரு வியப்பும் உண்டு. பனாமா நாட்டில் 14 நெரிக்கும் அத்தி மரங்களின் மரபுப் பொருளைச் சோதித்த ஆய்வு 1991-இல் வெளியாயிற்று. அவற்றுள் குறைந்தது 45 தனித்தனிச் செடிகள் இருந்தன! அதாவது, ஒரே மரமாகத் தோன்றியது, வெவ்வேறு விதைகளிலிருந்து முளைத்துப் பிணைந்த பல மரங்களாகவும் இருக்கக்கூடும்.

கணக்கு என்ன சொல்கிறது?

இனி நெரிப்பதைப் பற்றிப் பார்ப்போம். மலைப்பாம்பு தன் இரையை இறுக்குவதுபோல வேர் மரத்தை இறுக்குகிறது என்றே பலரும் எண்ணுகிறோம். உண்மையில் பெரும்பங்கு வேலையைச் செய்வது உள்ளே இருக்கும் மரம்தான்.

தாங்கும் மரத்தின் ஆரம் ஆண்டுக்கு 5 மில்லிமீட்டர் கூடுவதாகக் கொள்வோம். சுற்றளவு 2 x 3.14 x 5, அதாவது ஏறக்குறைய 31 மில்லிமீட்டர் கூட வேண்டும். பத்தாண்டுகளில் இது 31 சென்டிமீட்டர். சுற்றியுள்ள வேர்வளையம் அந்த அளவுக்கு நீண்டு கொடுக்காது. போதாக்குறைக்கு வேர்களும் பருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே பட்டை நசுங்குகிறது. இலைகள் ஆக்கிய உணவு, பட்டையின் உட்புறத் திசு வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. அவ்வழி அடைபட்டால் வேர் பட்டினி கிடக்கும். துணி உலர்த்தக் கட்டிய கம்பி சில ஆண்டுகளில் மரத்துக்குள் புதைந்துபோவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே கம்பி இறுகவில்லை, மரம்தான் பருத்தது.

இதோடு, மேலே அத்தியின் தழை ஒளியை மறைக்கிறது. கீழே அதன் வேர்கள் நீருக்குப் போட்டியிடுகின்றன. மூன்றும் சேர்ந்தே மரத்தை வீழ்த்துகின்றன. அது மக்கிப்போனபின், நடுவே பொந்துள்ள வேர்க்கூண்டு தனிமரமாக நிற்கும்.

பனையின் சாட்சி

இப்போது நம் பனைக்கு வருவோம். ஆண்டுதோறும் தண்டைப் பருக்கச் செய்யும் கேம்பியம் என்ற வளர்படை பனைக்கு இல்லை. உயரும், ஆனால் மற்ற மரங்களைப்போல் பருத்துக்கொண்டே போகாது. உணவும் நீரும் செல்லும் குழாய்கள் பட்டையோரத்தில் மட்டும் இல்லாமல் தண்டு முழுதும் பரவியுள்ளன. ஆகவே ஆலின் வளையத்துக்குள் பனை நெடுங்காலம் நிற்கிறது. அதற்கு ஆபத்து இடுப்பில் இல்லை, தலையில் இருக்கிறது. ஆலின் தழை உயர்ந்து, பனையின் ஓலைகளுக்கு ஒளி கிட்டாமல் செய்தால் அது நலியும்.

கொலையாளியா, துணைவனா?

2013-இல் ஆஸ்வால்ட் புயல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தைத் தாக்கியது. அங்குள்ள லாமிங்டன் தேசியப் பூங்காவில் பின்னர் ஆராய்ந்தபோது, நெரிக்கும் அத்தி பற்றியிருந்த மரங்கள், பற்றாத மரங்களைவிடக் கூடுதலாகச் சாயாமல் நின்றது தெரியவந்தது. மண்ணில் ஊன்றிய அத்தி வேர்கள், கூடாரத்தைப் பிடித்திருக்கும் கயிறுகளைப்போல் உதவியிருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதினர்.

காட்டுக்கு இவை செய்யும் உதவி இன்னும் பெரிது. அத்தி மரங்கள் யாவும் ஒரே பருவத்தில் பழுப்பதில்லை. வேறு பழங்கள் அரிதான மாதங்களிலும் ஏதேனும் ஓர் அத்தி பழுத்திருக்கும். அதை நம்பி இருவாய்ச்சிகள் முதல் குரங்குகள்வரை பல உயிர்கள் வாழ்கின்றன. 'நெரிப்பவை' என்ற பெயருக்காக இவற்றை வெட்டினால், அந்த உயிர்களின் பஞ்சகால உணவையே வெட்டியவர்கள் ஆவோம்.

மறுநாள் வகுப்பில் என் விடையைத் திருத்திக் கொண்டேன். நீங்களும் உங்கள் ஊரில் ஆல் பற்றிய பனையொன்றைக் கண்டால் அருகே சென்று பாருங்கள். எந்த வேர் தளர்ந்து தொங்குகிறது, எது மண்ணில் ஊன்றி விறைத்துள்ளது, எங்கே இரு வேர்கள் ஒன்றாகியுள்ளன என்று கவனியுங்கள். பின்பு நிமிர்ந்து, பனையின் குருத்துக்கு இன்னும் வெயில் கிடைக்கிறதா என்றும் பாருங்கள். அதன் ஆயுளை அதுவே சொல்லும்.