பெட்டியில கடைசி எழுத்தப் பாருங்க மக்களே

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம்னு எல்லாப் பக்கமிருந்தும் ஒரே கேள்விதான் வருது. "அண்ணே, புது பிசி போட்டேன். ஃபேன் சுத்துது, லைட் எரியுது, மானிட்டர்ல மட்டும் 'நோ சிக்னல்'. போர்டு போச்சா?"

போர்டு போகல்ல. பிராசஸர் பெட்டிய எடுத்து, நம்பரோட கடைசி எழுத்தப் பாருங்க. ஐ5-12400எஃப்னு இருக்கா? அந்த எஃப் இருந்தா உள்ள கிராபிக்ஸ் கிடையாது. வெறும் 12400-ல யுஎச்டி 730 உண்டு. மத்தபடி அதே 6 கோர், அதே வேகம். விலை கொஞ்சம் கொறயும்லா, அதுலதான் ஆளு விழுந்துருதாவ.

"போர்டுல எச்டிஎம்ஐ இருக்கே"ம்பீங்க. பிரவுசிங் சென்டர் காலத்துல, ஜி31 போர்டு ஓடினப்போ, கிராபிக்ஸ் போர்டோட சிப்செட்லதான் கெடந்துது. எந்த பிராசஸர மாட்டினாலும் படம் வரும். 2010 ஜனவரில இன்டெல்காரன் அத பிராசஸரோட ஒரே மூடிக்குள்ள, தனிச் சில்லா வச்சான். 2011-ல சாண்டி பிரிட்ஜ் வந்ததும் ரெண்டும் ஒரே சில்லா ஆயிட்டு. சொருகுற எடம் மட்டும் போர்டுலயே நின்னுட்டு. குளத்துல தண்ணி இல்லாம மடையத் தெறந்தா வயலுக்கு என்ன பாயும்? அதனால கடைசி எழுத்து, அதப் பாருங்க.

"கிராபிக்ஸ் கார்டு வாங்கத்தானே போறேன், எஃப் போதும்"னு சிலர் சொல்லுதாவ. எனக்கு அதுல சம்மதமில்ல. கல்யாண ஆல்பம் பண்ணுத ஸ்டுடியோக்காரங்களும் டிடிபி கடைக்காரங்களும் யோசிக்கணும். ஐப்பசி மழைல இடி வெட்டி கார்டு போச்சுன்னா, முகூர்த்த நேரத்துல மிஷின் சும்மா கெடக்கும். எஃப் இல்லாததுன்னா வயர போர்டுல மாத்திச் சொருகிட்டு வேலையப் பாக்கலாம். இடின்னதும் ஞாபகம் வருது, கரண்ட் பிளக்க மட்டும் கழட்டிட்டு நிம்மதியா இருந்துராதீங்க. வெளியில இருந்து வருத நெட் வயரையும் உருவிப் போடுங்க. அது வழியாவும் எறங்கும்.

அய்யோ, நேரம் ஆயிட்டு, வேகமா சொல்லுதேன். உள்ள இருக்குத கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ரேம்லேருந்துதான் எடுக்கும். அதனால 16 ஜிபிய ஒரே குச்சியாப் போடாம 8, 8-ஆ ரெண்டாப் போடுங்க. டிடிஆர்4-3200-ல ஒத்தைக் குச்சின்னா நொடிக்கு 25.6 ஜிபி, ரெண்டுன்னா 51.2. கேம்ல வித்தியாசம் நல்லாவே தெரியும். ஏஎம்டில 5600-க்குக் கிராபிக்ஸ் இல்ல, 5600ஜி-க்கு உண்டு. 2022-ல வந்த ரைசன் 7000-ல இருந்து பெரும்பாலும் சின்னதா ஒண்ணு உண்டு. ஆனா 7500எஃப், 8400எஃப்-ல கிடையாது, அங்கயும் அதே எழுத்துதான். கார்டு மாட்டினா மானிட்டர் வயரக் கார்டுல சொருகணும், போர்டுல இல்ல. ஏற்கனவே எஃப் வாங்கியாச்சா? பெட்டி ஒடைக்கலன்னா இன்னைக்கே கடையில பேசி மாத்துங்க. ஒடைச்சாச்சுன்னா செகண்ட்ஸ்ல ஒரு ஜிடி 1030 கார்டு பாருங்க, படம் வாறதுக்கு அது போதும்.